ஒரு சொட்டும் குடிக்காதவர்

மனாமா, பஹ்ரைன்
6 மார்ச் 2011

அன்புள்ள வேளாங்கண்ணி மைனிக்கு,

ததேயுஸ் எழுதுகிறேன். கொழுந்தனின் குரல் இனி இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். சரி, எழுத்துக்குக் குரல் கிடையாது. விடுமுறைக்கு வரும் ஜெயசிங் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

திருவிழாவில் நடந்தது இங்கே மீன்பிடி லாஞ்சில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. சப்பரத்துக்குத் தோள் கொடுத்த இடத்தில் ஏசுஅடிமை அண்ணன் தடுமாறியிருக்கிறார். அந்தோணியார் சுரூபம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெண்கள் எல்லாம் அலறியிருக்கிறார்கள். இனி அண்ணன் சப்பரத்தைத் தொடக் கூடாது என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்து, பூசை முடிந்ததும் கோவிலில் வாசித்தார்களாமே. குடிகாரன் என்ற இதே பெயர்தான் நம் அப்பனுக்கும் இருந்தது. "ஞானையன் மகனாச்சே, வேற எப்பிடி இருப்பான்?" என்று என் காதுபடவே இங்கே ஒருவன் சொன்னான். அவனைத் திருப்பிக் கேட்கக்கூட எனக்கு வாயில்லை.

அண்ணன் குடிக்கிறார். நீங்கள் மூடி மறைக்கிறீர்கள். புருஷனை விட்டுக்கொடுக்காத குணம் நல்லதுதான், ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா மைனி? பிரிஜாவுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். வருகிறவர்கள் என் மகளின் படிப்பைக் கேட்கும் முன் பெரியப்பாவின் குடியைக் கேட்கிறார்கள். பெற்றவள் லிஜி தினமும் அழுகிறாள்.

குடியை மறக்க வைக்கும் இல்லம் ஒன்றில் இடம் சொல்லியிருக்கிறேன். வண்டி வரும். தயவுசெய்து வாசலில் நின்று சண்டை போடாதீர்கள்.

உங்கள் கொழுந்தன்,
ததேயுஸ்


மரியாந்துறை
17 ஏப்ரல் 2011

தம்பி ததேயுஸ்,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மறுபடி மறுபடி எடுத்து வாசித்துக் கோபத்தை ஆறாமல் வைத்திருக்கிறேன்.

நீ அனுப்பிய வண்டி வந்தது. நான் வாசலில் சண்டை போடவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் டவுனில் சாளை மீன் விற்றுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் வீடு திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். பெற்ற தகப்பன் போல உன்னை வளர்த்தவரைத் திருடனைப் போல ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மூன்று வாரம் வைத்திருந்தார்கள். குடியை விட்டால் முதலில் நடுக்கம் வரும், பிறகு தானே போய்விடும் என்று கைகாலைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். நடுக்கம் போகவில்லை. கடைசியில் அந்த இல்லத்துக்காரரே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். "அம்மா, இவரு குடிக்கிற ஆளே இல்ல. எங்ககிட்ட இருக்க வேண்டியவரும் இல்ல" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவரை நான் திட்டவில்லை. அந்த அளவுக்காவது அவருக்குக் கண் இருந்தது. உன் அண்ணன் மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இன்னும் இருக்கிறது. அவர் உன்னைக் குறை சொல்லவில்லை. "பய நல்லதுக்குத்தான் செஞ்சான்" என்கிறார். எனக்கு அவ்வளவு பெரிய மனது கிடையாது.

பிரிஜா சின்னப் பிள்ளையாகக் கோவிலில் புது நன்மை வாங்கிய வருஷம், அந்தோணியார் பாதத்தில் கை வைத்துக் குடியை விடுவதாகச் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து ஒரு சொட்டு கிடையாது. கமிட்டி என்ன செய்தது தெரியுமா? கூட்டத்தில் நிறுத்தி, "வாயை ஊதிக் காட்டும்" என்றார்கள். ஊதினார். தலைவர் மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். சாராய வாசம் இல்லை. உடனே, "கிராம்பு மென்னு மறைச்சிட்டான்" என்று தீர்ப்பு. வாசம் இருந்தாலும் குடிகாரன், இல்லாவிட்டாலும் குடிகாரன்.

நான் ஒன்று கவனித்திருக்கிறேன். உட்கார்ந்திருந்தாலும் அவர் தோளும் விரலும் ஓயாமல் ஆடுகின்றன. தூங்கிவிட்டால் அந்த ஆட்டம் நின்றுபோகிறது. தூங்கினால் ஒளிந்துகொள்ளும் போதையை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று நீயே கேட்டுச் சொல்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது உனக்கு மூக்குச் சிந்தத் தெரியாது. அதை நினைத்துத்தான் இதோடு நிறுத்துகிறேன்.

வேளாங்கண்ணி


மனாமா
8 மே 2011

மைனிக்கு,

கயிற்றுத் தடம் என்ற வரி வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியை வாசித்தேன். கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். நம்பினால் நம்புங்கள்.

ஆனாலும் கேட்கிறேன். குடி இல்லையென்றால் பிறகு என்ன? அதற்கு ஒரு பெயர் வேண்டாமா? பெயர் இல்லாத நோயை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? நீங்கள் பெயர் சொல்கிற வரைக்கும் ஊர் சொல்கிற பெயர்தான் நிற்கும்.

பிரிஜாவுக்கு இடம் அமைந்துவிட்டது. பையன் பெயர் ரெனிஷ், கொச்சியில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலை. நவம்பரில் நிச்சயம், அடுத்த ஈஸ்டர் கழிந்து கல்யாணம். எனக்கு லீவு கிடையாது. அப்பன் இடத்தில் அண்ணன்தான் நிற்க வேண்டும். அன்றைக்காவது அவர் நேராக நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ததேயுஸ்


மரியாந்துறை
25 செப்டம்பர் 2011

தம்பி,

பெயர் கேட்டாயே, எழுதிக்கொள்: ஹண்டிங்டன் நோய். சொல்லிப் பழக எனக்கு ஒரு வாரம் ஆனது.

நம் புனிதர்களுக்கு நாள் இருப்பதுபோல் அரசாங்கத்தில் நோய்களுக்கு வாரம் இருக்கிறது. டவுன் ஆஸ்பத்திரி வாசலில் மீன் விற்கிற எங்களுக்கு அத்தனையும் மனப்பாடம். தாய்ப்பால் வாரம், கண்தான வாரம், தொழுநோய் வாரம். பேனர் கட்டுவார்கள், அதிகாரி வருவார், குத்துவிளக்கு ஏற்றுவார், ஃபோட்டோ பிடிப்பார்கள், முடிந்தது. போன ஜூலையில் மூளை நரம்புச் சிதைவு நோய்கள் விழிப்புணர்வு வாரம் என்று பேனர் கட்டினார்கள். வாசித்து முடிப்பதற்குள் என் வாடிக்கைக்காரர் ஒருவர் போய்விட்டார், அவ்வளவு நீளம். அதிகாரி வந்தாயிற்று, உள்ளே நாற்காலி எல்லாம் காலி. நர்ஸ் ஓடிவந்தாள். "அக்கா, டீயும் வடையும் உண்டு. மீனை வெளிய வச்சிட்டு எல்லாரும் வந்து இருங்க." பூனை வராமல் காவலுக்கு எங்களில் ஒருத்தி பூங்கனியை நிறுத்திவிட்டு நாங்கள் போய் உட்கார்ந்தோம். எங்கள் வாசத்துக்கு அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். பாவம், அவரும் மனுஷன்தானே.

பிறகு விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். ஒரு வெள்ளைக்காரன் நடந்து வருகிறான். தோள் ஒரு பக்கம் வெட்டுகிறது, கால் ஓரிடம் நினைத்து வேறோரிடம் விழுகிறது, விரல்கள் காற்றில் எதையோ வாசிக்கின்றன. நான் எழுந்து நின்று கத்திவிட்டேன்: "ஏய், இது எங்க வீட்டுக்காரரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அருமனையிலிருந்து வந்திருக்கும் டாக்டர் அஜிதா மட்டும் சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் இறங்கி வந்தாள். "அக்கா, அவரு இப்பம் எங்க இருக்காரு?" என்றாள். அதிகாரிக்கு நன்றி சொல்லும் கட்டம் பாக்கி இருந்தது. அதை வேறு யாரிடமோ விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறிவிட்டாள்.

வீட்டில் வந்து அவர் டீ குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். நீட்டினார், நீட்டிய நாக்கு நிற்கவில்லை, தானே உள்ளே போய்விட்டது. உங்கள் அப்பனைப் பற்றிக் கேட்டாள். திருவனந்தபுரத்துக்கு ரத்தம் அனுப்பினோம். முடிவு போன வாரம் வந்தது.

குணமாக்க மருந்து இல்லை. ஆட்டத்தைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை உண்டு, அவ்வளவுதான். வருஷத்துக்கு வருஷம் கூடும். இதையெல்லாம் கேட்டும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. பாவி என்று நினைத்துக்கொள். என் புருஷன் குடிகாரர் இல்லை என்று ஒரு படித்த வாய் சொன்னதைக் கேட்டு அங்கேயே அழுதேன். உன் அண்ணன் ஒன்றுதான் சொன்னார்: "அப்பம் எங்க அப்பனும் குடிச்சு ஆடல."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ரத்தத்தில் வருவது. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. எங்களுக்கொரு பிள்ளை இல்லையே என்று நான் வருத்தப்படாத நாள் அந்த ஒரு நாள்தான். பிறகு உன் நினைவு வந்தது.

கமிட்டித் தலைவரிடம் சொன்னேன். "குடிக்கும் இங்கிலீஷ்ல பேரு வச்சாச்சா?" என்றார். அதனால் டாக்டரும் நானும் ஒரு முடிவு செய்திருக்கிறோம். வருகிற மே மாதம் இந்த ஒரு நோய்க்கு மட்டும் ஒரு வாரம், அதுவும் நம் கோவில் மண்டபத்தில். ஃபாதர் சம்மதித்துவிட்டார். உன் அண்ணனை மேடையில் உட்கார வைத்து நான் பேசப் போகிறேன். சந்தையில் கத்தித் தேய்ந்த தொண்டை ஒரு நல்ல காரியத்துக்கு உதவட்டும்.

வேளாங்கண்ணி


மனாமா
16 அக்டோபர் 2011

அன்புள்ள மைனி,

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்த வாரம் வேண்டாம்.

அண்ணனை நான் சந்தேகப்பட்டதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். குடிகாரன் தம்பி மகளுக்கு மாப்பிள்ளை கிடைப்பான். ஊரில் குடிகாரன் இல்லாத வீடு எது? ரத்தத்தில் வருகிற நோய் என்று மைக் கட்டிச் சொன்னால் நம் வீட்டுப் பெண்ணை யார் எடுப்பார்கள்? ரெனிஷ் வீட்டார் நல்லவர்கள்தான். நல்லவர்களும் பயப்படுவார்கள்.

உண்மை எங்கும் ஓடிவிடாது. கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லுவோம். அதுவரைக்கும் அண்ணனுக்கு இருக்கிற பெயரே இருக்கட்டும் என்று எழுத என் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

கை என்றதும் இன்னொன்று. வலை பழுது பார்க்கும்போது இடது கை விரல்கள் சில நேரம் நான் சொல்லாமலே அசைகின்றன. வெயிலும் ஐஸும் மாறி மாறிப் பட்டதால் இருக்கும். லிஜியிடம் சொல்ல வேண்டாம்.

ததேயுஸ்


மரியாந்துறை
27 நவம்பர் 2011

தம்பி ததேயுஸ்,

உன் கடிதம் வந்த அன்று உன் மேல் வந்த ஆத்திரத்தில் ஒரு பாத்திரம் மீனை அரை விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசி வரிகளை மறுபடி வாசித்தபோது ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. லிஜியிடம் சொல்லவில்லை.

உன் அண்ணனிடம் முழுதும் வாசித்துக் காட்டினேன். இப்போது அவருக்குப் பேச்சு குழறுகிறது, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். "பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கட்டு. நான் குடிச்சதாவே இருக்கட்டு" என்றார். டாக்டரிடம் போய் மே மாதம் வேண்டாம் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அக்கா, இது உங்க வீட்டுத் தீர்மானம். நான் எப்பவும் தயார்தான்" என்றாள். அதையும் சொல்லிவிட்டு வழக்கம்போல நெத்திலி வாங்கினாள்.

நிச்சயம் நன்றாக நடந்தது. பிரிஜா பச்சைப் பட்டில் நிற்கும்போது கண் பட்டுவிடும் போல இருந்தது. உன் இடத்தில் உன் அண்ணன் நின்றார். தட்டு மாற்றும்போது அவர் கை வெட்டியது. வெற்றிலையும் பழமும் தரையில் சிதறின.  ரெனிஷின் தாய்மாமன், "என்ன ஓய், இப்பிடி ஆடுதீரு?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார்.

எனக்கு நோயின் பெயர் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் உன் அண்ணன் சிரித்தார். "கொஞ்சம் கூடிப்போச்சு. மன்னிக்கணும்" என்றார்.

குடித்த காலத்தில் ஒரு நாளும் ஒத்துக்கொள்ளாத மனுஷன், குடிக்காதபோது அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொண்டார். தாய்மாமன் விடவில்லை. குடியின் கேட்டைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தார். உன் அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார். பிரிஜா மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "நான் நல்லா நடிச்சேனா?" என்று கேட்டார். இவரைக் கட்டிக்கொண்டதற்கு நான் கடவுளிடம் பலமுறை கணக்குக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் நன்றி சொன்னேன். இத்தனை பெரிய மனுஷனோடு இவ்வளவு காலம் ஒரே கூரைக்குள் இருந்திருக்கிறேன், தெரியாமல் போயிற்று.

உன் விரலைப் பற்றி எழுது. மறைக்காதே.

வேளாங்கண்ணி


மனாமா
8 ஜனவரி 2012

என் மைனிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் அன்று லாஞ்சின் முன்முனை அணியத்தில் உட்கார்ந்து வாசித்தேன். பக்கத்தில் பிரியாணி வைத்துவிட்டுப் போனார்கள். அது அப்படியே ஆறிப்போனது.

"மன்னிக்கணும்" என்று என் அண்ணன் சொன்னாரா? யாரிடம்? நான் அல்லவா அதைச் சொல்ல வேண்டியவன்?

அன்றைக்கே பிரிஜாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் விரலையும் சொன்னேன். நான் நினைத்ததுபோல் அவள் அழவில்லை. "அப்பா, பெரியப்பா அப்பிடிச் சொன்னது எனக்காக வேண்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்பம் நானே ரெனிஷ்கிட்டச் சொல்லுதேன். இத ஒளிச்சு வச்சிட்டு எனக்குத் தாலி வேண்டாம்" என்று போனை வைத்துவிட்டாள். போனை இப்படி வைக்க அவள் யாரிடம் படித்தாள் என்று எனக்குத் தெரியும்.

ரெனிஷ் வீட்டில், யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். அந்த யோசனையின் அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. லிஜி என்னோடு பேசுவதில்லை. கல்யாணம் நின்றுபோகலாம், மைனி. நின்றாலும் என் மகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அவள் உங்கள் கையில் வளர்ந்த பிள்ளை.

மே மாதத்து வாரத்தை நடத்துங்கள். டாக்டர் அம்மாவிடம் நானே கேட்டதாகச் சொல்லுங்கள். ஞானையன் பெயரையும் சொல்லுங்கள், என் பெயரையும் சொல்லுங்கள். ஊருக்கு வந்ததும் நானும் ரத்தம் கொடுக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அண்ணன் நின்றதுபோல் நிற்க முடியுமா என்பதுதான் அதைவிடப் பயமாக இருக்கிறது.

ததேயுஸ்


மரியாந்துறை
20 மே 2012

அன்புள்ள தம்பி,

வாரம் நடந்து முடிந்தது. வாரம் என்று பெயர்தானே தவிர நம் ஊருக்குக் கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான். பேனர் இருந்தது, அதிகாரி இருந்தார், குத்துவிளக்கும் இருந்தது. கடல் காற்றில் திரி அணைந்து அணைந்து, கடைசியில் ஃபாதர் தன் அங்கியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி போதவில்லை. இந்தத் தடவை கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியிருக்கவில்லை.

உன் அண்ணனுக்கு வெள்ளை வேட்டி கட்டி மேடையில் உட்கார வைத்தேன். விழுந்துவிடக் கூடாது என்று கை வைத்த நாற்காலி போட்டார்கள். டாக்டர் அதே வெள்ளைக்காரன் படத்தைப் போட்டாள். படத்தில் அவன் ஆட, மேடையில் இவர் ஆட, ஊர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. கமிட்டித் தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். படம் முடிந்ததும் மேடை ஏறி, "ஏசுஅடிமை, ஒம்ம வாயை ஊதச் சொன்னது என் வாய்தான். பொறுத்துக்கிடும்" என்றார். அந்த ஆளிடம் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உன் அண்ணன் தலையை ஆட்டினார். நோய் ஆட்டியதா அவர் ஆட்டினாரா என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னாள். ஞானையனிடமிருந்து வந்தது என்றாள். ததேயுஸுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அவனுக்கு இல்லையென்றால் பிரிஜாவுக்கும் இல்லை என்றாள். உன் பெயரைச் சொன்னபோது லிஜி என் கையைப் பிடித்தாள். விடவே இல்லை.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். பின் வரிசையில் ரெனிஷ் எழுந்தான். அவன் வந்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. ஈஸ்டர் கழிந்து இத்தனை நாளாயிற்று, அவர்கள் வீட்டிலிருந்து ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. கொச்சியிலிருந்து வரும்போது வழியில் கண்டால்கூட என்னை மாமி என்று முறை சொல்லிக் கூப்பிடாமல் தலையைக் குனிந்துகொண்டு போவான்.  வருமா வராதா என்றுதானே கேட்கப் போகிறான் என்று எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"வருமா வராதான்னு நான் கேக்கல டாக்டர்" என்றான். "வந்தா எப்பிடிப் பாத்துக்கிடணும்? அத யாரு படிச்சுத் தருவா?"

டாக்டர் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

தம்பி, கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்ச வேண்டும், நிமிர்த்தி உட்கார வைத்துத் தாடையைத் தாழ்த்தி விழுங்க வைக்க வேண்டும், கண்ணாடி டம்ளர் ஆகாது, கோபம் வந்தால் அது நோயின் கோபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல எத்தனையோ இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "மக்கா, மொதல்ல ஊருகூடச் சண்டை போடப் படி. மத்ததெல்லாம் நான் படிச்சுத் தாறேன்."

மண்டபமே சிரித்தது. உன் அண்ணனும் கைகால் எல்லாம் ஆட, அடக்க முடியாமல் சிரித்தார். நாற்காலி சரியப் பார்த்தது. கமிட்டித் தலைவர்தான் பாய்ந்து வந்து அவரைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ரெனிஷ் மட்டும் சிரிக்கவில்லை. "சரி மாமி" என்றான்.

வேளாங்கண்ணி